புளூடூத் ஸ்பீக்கரை ஃபோனோடும் டேப்லெட்டோடும் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வட்டார சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தால், சிங்பாஸுக்கு (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க உள்நுழைவு) அடுத்தபடியாக அதிகம் வருவது ஸ்பீக்கர் கேள்விகள்தான். தீபாவளிக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அவர்களே இணைத்தும் வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் அது பாடாது. பிள்ளைகளை மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே அலமாரிக்குள் வைத்துவிட்ட பெரியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், தங்குவிடுதியில் ஒரே ஸ்பீக்கரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் தம்பிகளுக்காகவும் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. ஸ்பீக்கர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பதில்கள் பொருந்தும். பொத்தான் இருக்கும் இடம்தான் மாறும்.

புளூடூத்ல பாட்டு கேட்டா டேட்டா போகுமா? வைஃபை வேணுமா?

புளூடூத்துக்கு இணையமே தேவையில்லை. ஃபோனும் ஸ்பீக்கரும் நேரடியாக ரேடியோ அலையில் பேசிக்கொள்கின்றன. பாட்டு ஏற்கெனவே ஃபோனில் இறக்கி வைத்ததாக இருந்தால் டேட்டா கொஞ்சமும் செலவாகாது. சிம் அட்டை இல்லாத பழைய டேப்லெட்டிலிருந்தும் பாடும்.

யூடியூபில் போட்டாலோ, ஒலி 96.8 வானொலியைச் செயலியில் கேட்டாலோ அது இணையத்திலிருந்து ஃபோனுக்கு வருகிறது. அந்த டேட்டா ஸ்பீக்கர் இருந்தாலும் போகும், இல்லாவிட்டாலும் போகும். வீட்டு வைஃபையில் இருக்கும்வரை கவலையில்லை.

புது ஸ்பீக்கர், இப்பதான் பெட்டியைப் பிரிச்சேன். முதல்ல எதைத் தொடணும்?

முதலில் ஸ்பீக்கரை, பிறகு ஃபோனை. இந்த வரிசை முக்கியம். அரை மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். புளூடூத் சின்னம் போட்ட பொத்தானை, விளக்கு வேகமாக மினுக்கத் தொடங்கும்வரை சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். தட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டால் பல மாடல்களில் வேலை செய்யாது. சிலவற்றில் ஒரு ஓசையோ, ‘பேரிங்’ (முதல்முறை ஜோடி சேர்ப்பது) என்ற குரலோ வரும். தனிப் பொத்தான் இல்லாத மாடலில் பவர் பொத்தானையே நீளமாக அழுத்த வேண்டியிருக்கும். விளக்கு மினுக்கும்போது ஸ்பீக்கர் புது ஃபோனுக்காகக் காத்திருக்கிறது. சில நிமிடங்களில் அது நின்றுவிடும், அதனால் ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபோன். ஐபோன், ஐபேட் என்றால் ‘செட்டிங்ஸ்’ போய் ‘புளூடூத்’. சாம்சுங் என்றால் ‘செட்டிங்ஸ்’, ‘கனெக்‌ஷன்ஸ்’, ‘புளூடூத்’. மற்ற ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பெரும்பாலும் ‘கனெக்டட் டிவைசஸ்’ என்பதற்குள் ‘பேர் நியூ டிவைஸ்’ இருக்கும். அந்தத் திரையைத் திறந்தே வைத்திருங்கள். ஸ்பீக்கரின் பெயர் வந்ததும் ஒரு முறை தொடுங்கள். விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிந்தால் முடிந்தது.

லிஸ்ட்ல ஏகப்பட்ட பேர் வருதே. இதுல எது என்னோடது?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இது சகஜம். சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவரின் தொலைக்காட்சி, மேல்மாடிக்காரரின் ஹெட்ஃபோன் எல்லாமே உங்கள் ஃபோனுக்குத் தெரியும். ஸ்பீக்கரின் அடியிலோ பெட்டியிலோ அச்சடித்திருக்கும் மாடல் பெயரும் திரையில் வருவதும் பெரும்பாலும் ஒன்றுதான்.

அப்படியும் சந்தேகமா? ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் திரையை மூடித் திறங்கள். எந்தப் பெயர் காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. தெரியாத பெயர்களைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டார் நாடகம் பார்க்கும்போது அவர்கள் திரையில் ‘இணைக்கட்டுமா’ என்று கேட்கும்.

தினமும் இதே மாதிரி பொத்தானை அழுத்திப் பிடிக்கணுமா?

வேண்டாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பேரிங் செய்வது ஒருவருடைய எண்ணை ஃபோனில் சேமிப்பது மாதிரி, ஒரு தடவை போதும். தினமும் இணைப்பது அவருக்கு அழைப்பது. முதல் பேரிங்கின்போது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை மாற்றிக்கொண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. மறுநாள் ஸ்பீக்கரை ஆன் செய்தால் அதுவே பழைய ஃபோனைத் தேடிப் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் ஃபோனின் புளூடூத் திரையில் சேமித்த பெயரை ஒரு முறை தொடுங்கள், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

நேத்து வரைக்கும் பாடுச்சு. இன்னைக்கு லிஸ்ட்ல பேரே வரலை. கெட்டுப்போச்சா?

அநேகமாகக் கெடவில்லை. ஸ்பீக்கர் வேறு யாருடைய ஃபோனையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் அந்த ஸ்பீக்கரோடு எத்தனை கருவிகள் பேரிங் ஆகியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: உங்கள் ஃபோன், மகன் ஃபோன், பேரப்பிள்ளையின் டேப்லெட், இல்லப் பணிப்பெண்ணின் ஃபோன். ஸ்பீக்கரை ஆன் செய்ததும் இவற்றில் கடைசியாக இணைந்திருந்ததைத்தான் அது முதலில் தேடும். வேறொன்றோடு இணைந்துவிட்ட ஸ்பீக்கர் புதுக் கருவிகளின் பட்டியலில் பெரும்பாலும் தலைகாட்டாது.

ஒருமுறை ஓர் ஆன்ட்டி சமையலறையில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே பாட்டுப் போடப் பார்த்திருக்கிறார். எத்தனை தடவை தொட்டும் வரவில்லை. ஸ்பீக்கரின் விளக்கு மட்டும் நீலமாக நிலையாக எரிந்திருக்கிறது. அந்த நிலையான விளக்குதான் துப்பு. படுக்கையறைக் கட்டிலில் சார்ஜில் கிடந்த டேப்லெட்டோடு அது இணைந்திருந்தது. டேப்லெட்டில் பாட்டு எதுவும் ஓடாததால் யாருக்கும் தெரியவில்லை. அங்கே புளூடூத்தை அணைத்ததும் ஃபோனில் உடனே வந்துவிட்டது.

விளக்கு மினுக்கியும் பெயர் வரவில்லையா? ஃபோனில் புளூடூத்தை அணைத்து மறுபடி போடுங்கள், ஃபோனையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்பீக்கரில் சார்ஜ் மிகக் குறைவாக இருந்தாலும் சில மாடல்கள் பேரிங்கில் தடுமாறும்.

‘பின்’ நம்பர் கேட்குது. என் பேங்க் நம்பரா?

இல்லவே இல்லை. வங்கி எண்ணையோ சிங்பாஸ் மறைச்சொல்லையோ இதற்கு ஒருபோதும் போடாதீர்கள். பழைய ஸ்பீக்கர்கள் மட்டும்தான் நான்கு இலக்கம் கேட்கும். பெரும்பாலும் 0000, இல்லையென்றால் 1234. 2007-இல் புளூடூத் 2.1 வந்த பிறகு இந்தத் தேவை போய்விட்டது. புது ஸ்பீக்கரின் பெயரைத் தொட்டதும் எண் கேட்டால், வேறு யாருடைய கருவியையோ தொட்டிருக்கிறீர்கள். ரத்து செய்துவிட்டுப் பெயரைச் சரிபாருங்கள்.

ஃபோன் புதுசு, ஸ்பீக்கர் பழசு. சேருமா?

சேரும். புளூடூத் 5.3 உள்ள ஃபோன், 4.0 உள்ள ஸ்பீக்கரோடு பேசும். பழைய ஸ்பீக்கரில் உள்ள வசதிகள் மட்டும் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஒலியின் தரம் ஸ்பீக்கரின் அமைப்பில் இருக்கிறது.

‘கனெக்டட்’னு காட்டுது, ஆனா சத்தம் ஃபோன்லயேதான் வருது.

மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஒலி அளவு. பல மாடல்களில் ஃபோனுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என இரண்டு தனித்தனி ஒலி அளவுகள். ஒன்று முழுதாகக் குறைந்திருந்தாலும் கேட்காது. பாட்டு ஓடும்போதே இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டு, ஒலி எங்கே போகிறது என்பது. ஐபோனில் கட்டுப்பாட்டுத் திரையை இறக்கி, பாட்டுக் கட்டத்தில் இருக்கும் அலை போட்ட சின்னத்தைத் தொட்டால் ‘ஐபோன்’, ‘ஸ்பீக்கர்’ என்று இரண்டு தெரியும். தேவையானதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சுங்கிலும் மேலிருந்து இறக்கும் திரையில் ‘மீடியா அவுட்புட்’ இருக்கும்.

மூன்றாவது ஆண்ட்ராய்டுக்கு மட்டும். சேமித்த ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். ‘மீடியா ஆடியோ’, ‘கால்ஸ்’ என்று தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கும். மீடியா அணைந்திருந்தால் இணைந்திருக்கும், ஆனால் பாட்டு போகாது.

ஃபோன் வந்தா மருமக பேசுறது ஹால்ல இருக்கிற எல்லாருக்கும் கேட்குது!

இதைச் சங்கடத்தோடு கேட்டவர்கள் பலர். ஆண்ட்ராய்டில் முந்தைய பதிலில் சொன்ன அதே பற்சக்கரத் திரையில் ‘கால்ஸ்’ சுவிட்சை அணைத்துவிடுங்கள். பாட்டு ஸ்பீக்கரில் வரும், அழைப்பு ஃபோனிலேயே வரும்.

ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, ‘ஆக்ஸசிபிலிட்டி’, ‘டச்’, ‘கால் ஆடியோ ரூட்டிங்’ என்று உள்ளே போய் எங்கே ஒலிக்க வேண்டும் என்று சொல்லலாம். அவசரத்துக்கு, பேசும்போதே திரையில் உள்ள ‘ஆடியோ’ சின்னத்தைத் தொட்டு ‘ஐபோன்’ என்று மாற்றினால் போதும்.

எங்க தங்குவிடுதி ரூம்ல எல்லாருக்கும் ஒரே ஸ்பீக்கர். ஒருத்தர் விட்டாதான் இன்னொருத்தருக்கா?

சாதாரண ஸ்பீக்கர் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனோடுதான் இணையும். முதலில் போட்டவர் தன் ஃபோனில் ‘டிஸ்கனெக்ட்’ தர வேண்டும், அடுத்தவர் தன் ஃபோனில் சேமித்த பெயரைத் தொட வேண்டும். ‘ஃபர்கெட்’ கொடுக்கக் கூடாது. அது சேமித்த எண்ணையே அழித்துவிடும், மறுபடி பேரிங்கிலிருந்து தொடங்க வேண்டும். இதில்தான் பலர் தினமும் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

சில ஸ்பீக்கர்களில் ‘மல்ட்டிபாயிண்ட்’ உண்டு. இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருக்கும். ஒன்றில் பாட்டை நிறுத்திவிட்டு மற்றதில் போட்டால் மாறிக்கொள்ளும். அறையில் பலர் என்றால், வாங்கும்போதே பெட்டியில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: ஸ்பீக்கரின் நினைவில் இத்தனை ஃபோன் என்று ஒரு கணக்கு உண்டு, பலவற்றில் எட்டு. அதற்கு மேல் ஒருவர் சேர்ந்தால் பழைய ஒருவர் நினைவிலிருந்து போய்விடுவார். ‘என் ஃபோன் மட்டும் அடிக்கடி சேரலை’ என்று சொல்லும் தம்பிக்கு இதுதான் காரணம்.

ராத்திரி படுக்கப்போற நேரம், நான் போடாத பாட்டு ஸ்பீக்கர்ல வருது. யாராவது ஹேக் பண்றாங்களா?

பயப்படாதீர்கள். பல ஸ்பீக்கர்கள் ஆன் ஆனதும் பழகிய ஃபோன் கிடைக்காவிட்டால் தாமாகவே பேரிங் நிலைக்குப் போய்விடும். அந்த நேரத்தில், அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன்னுடையது என்று நினைத்து உங்களுடையதைத் தொட்டிருக்கலாம். ஒரே பிளாக்கில் ஒரே மாடல் நாலைந்து வீட்டில் இருப்பது இங்கே அதிசயமில்லை. ஒருமுறை பேரிங் ஆகிவிட்டால், பிறகு அந்த ஃபோனில் பாட்டுப் போடும்போதெல்லாம் உங்கள் வீட்டில் பாட வாய்ப்பிருக்கிறது.

தீர்வு, ஸ்பீக்கரின் நினைவை முழுதாக அழிப்பது. பல மாடல்களில் ஒலி கூட்டும் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்துப் பத்து வினாடி போல அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்று கையேட்டில் ‘ஃபேக்டரி ரீசெட்’ என்ற பகுதியில் இருக்கும். அழித்த பிறகு உங்கள் ஃபோனிலும் பழைய பெயருக்கு ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, புதிதாகப் பேரிங் செய்யுங்கள். இரண்டு பக்கமும் அழிப்பது அவசியம். ஸ்பீக்கரில் மட்டும் அழித்தால் சாவி பொருந்தாமல் இணைப்பு தோற்றுக்கொண்டே இருக்கும்.

அதோடு, ஸ்பீக்கரின் செயலி பெயர் மாற்ற அனுமதித்தால் ‘பாட்டி வீட்டு ஹால்’ என்பது மாதிரி வைத்துவிடுங்கள், அடுத்தவர் தவறுதலாகத் தொட மாட்டார். பயன்படுத்தாதபோது அணைத்து வையுங்கள்.

அந்தச் செயலி கட்டாயமா? அது ஏன் நான் எங்க இருக்கேன்னு கேட்குது?

பாட்டுக் கேட்கச் செயலி தேவையே இல்லை. பெயர் மாற்றுவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, ஒலியைக் கூட்டிக் குறைத்துச் செதுக்குவது போன்றவற்றுக்குத்தான் அது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, பக்கத்தில் உள்ள புளூடூத் கருவிகளைத் தேடும் செயலிக்கு இருப்பிட அனுமதி வேண்டும் என்பது விதி. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து ‘நியர்பை டிவைசஸ்’ என்று தனி அனுமதி வந்துவிட்டது. ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று அனுமதித்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் கேட்கும் ஸ்பீக்கர் செயலியை மட்டும் உடனே நீக்குங்கள். அதற்கு அவை எதற்கு?

ஹால்ல நல்லா பாடுது. சமையலறைக்கு ஃபோனை எடுத்துட்டுப் போனா விட்டு விட்டு வருது.

சாதாரண ஸ்பீக்கரின் எட்டும் தூரம் தடையில்லாத இடத்தில் சுமார் 10 மீட்டர். சுவர் வந்தால் குறையும். நம் வீவக வீடுகளில் பெரிய வில்லன், 1990-களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டர் எனும் பாதுகாப்பு அறை. தடித்த கம்பிக் கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அது வந்தால் ஐந்து மீட்டரிலேயே பாட்டு அறுபடும். ஸ்பீக்கரை அதற்கு ‘மறைவாக’ இல்லாத இடத்துக்கு நகர்த்துங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். மைக்ரோவேவ் அடுப்பும், வீட்டு வைஃபையின் ஒரு பகுதியும் அதே இடத்தில்தான். நெரிசலைத் தவிர்க்கப் புளூடூத் ஒரு வினாடிக்கு 1,600 முறை வரை அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும். அப்படியும், மைக்ரோவேவில் சோறு சூடாகும் நேரத்தில் மட்டும் பாட்டு திக்கினால் காரணம் தெரிந்துவிட்டது. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாக இருந்தால் ஃபோனை அதற்கு மாற்றுங்கள். நம் உடம்பும் இந்த அலையை உறிஞ்சும். ஃபோன் பின்பக்கப் பையில் இருந்து ஸ்பீக்கர் எதிரே இருந்தால், ஃபோனை மேசையில் வைத்துப் பாருங்கள்.

படத்துல வாய் முன்னாடி அசையுது, பேச்சு பின்னாடி வருது. அப்புறம் மிருதங்கச் செயலியில தட்டினா தாளமே தப்புது.

இரண்டும் ஒரே காரணம், ஆனால் தீர்வு வேறு. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்க நேரம் ஆகும். கால் வினாடி வரை கூடப் போகலாம். பெரிய காணொளிச் செயலிகள் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையும் பின்தள்ளிவிடும். பொருந்தவில்லை என்றால் படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள், செயலியைப் புதுப்பியுங்கள்.

நீளமாக ஒலிக்கும் தம்புராவுக்குத் தாமதம் பாதகமில்லை. ஆனால் நீங்கள் தொட்டதும் ஒலிக்க வேண்டிய மிருதங்கச் செயலி, கீபோர்டு, விளையாட்டு, மைக்கில் பாடும் கரோக்கே ஆகியவற்றுக்குப் புளூடூத் சரிவராது. அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் பெரிய பலன் இல்லை. ஸ்பீக்கரில் 3.5 மி.மீ. துளை இருந்தால் கம்பி போடுங்கள். பஜனைக் குழுவுக்கும் பாட்டு வகுப்புக்கும் வாங்குபவர்கள், அந்தத் துளை உள்ள மாடலையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது மாடல்கள் பலவற்றில் அது இல்லை.

ஐபோன்ல புளூடூத்தை அணைச்சேன். மறுநாள் அதுவா ஆன் ஆகியிருக்கே?

கட்டுப்பாட்டுத் திரையில் சின்னத்தைத் தொட்டால் இணைப்பு அன்றைக்கு மட்டும்தான் துண்டிக்கப்படும். நிஜமாகவே அணைக்க ‘செட்டிங்ஸ்’, ‘புளூடூத்’ போய் அங்கே சுவிட்சை அணைக்க வேண்டும்.

ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு. தீபாவளி விருந்துக்கு ரெண்டுலயும் ஒரே பாட்டு வருமா?

ஒரே நிறுவனத்தின், ஒரே முறையைப் புரிந்துகொள்ளும் இரண்டு ஸ்பீக்கர்கள் என்றால் வரும். ஒன்றை ஃபோனோடு இணைத்துவிட்டு, இரண்டிலும் அதற்கான பொத்தானை அழுத்தினால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே முறை மாறுவதுண்டு. ஜேபிஎல்லின் பழைய ‘கனெக்ட் பிளஸ்’ மாடலும் பிறகு வந்த ‘பார்ட்டிபூஸ்ட்’ மாடலும் சேராது. இரண்டாவது வாங்கும் முன் முதலாவதன் மாடல் பெயரைக் கடையில் காட்டுங்கள்.

நிறுவனம் வேறு என்றால், சாம்சுங் ஃபோன்கள் பலவற்றில் இரண்டு ஸ்பீக்கரையும் தனித்தனியாக இணைத்து ‘மீடியா அவுட்புட்’ திரையில் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் மில்லி வினாடி முன்பின்னாக ஒலிக்கலாம், அதனால் ஒன்றை ஹாலிலும் ஒன்றை அறையிலும் வையுங்கள். ஐபோனில் இப்படி எந்த இரண்டு புளூடூத் ஸ்பீக்கரையும் சேர்க்க முடியாது.

ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். பெட்டியில போட்டுடலாமா? அங்க வேலை செய்யுமா?

புளூடூத் உலகம் முழுக்க ஒன்றுதான், சென்னையிலும் திருச்சியிலும் அப்படியே பாடும். உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் கைப்பையில் வைப்பதே நல்லது. பெரிய பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்றால் முழுதாக அணைத்து, பொத்தான் தானாக அழுந்தாதபடி வையுங்கள். மின்கலம் 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை, 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது: மில்லியாம்ப்-மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 4,800 மில்லியாம்ப்-மணி, 3.6 வோல்ட் என்றால் 17 வாட்-மணிதான். கையில் அடங்கும் ஸ்பீக்கர்கள் எல்லாம் வரம்புக்கு வெகு கீழே. சக்கரம் வைத்த பார்ட்டி ஸ்பீக்கர்களுக்குத்தான் முன்கூட்டியே விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

கரோசெல்ல யாரோ பயன்படுத்தினதை வாங்கினேன். என் ஃபோன்ல சேரவே மாட்டேங்குது.

விற்றவரின் ஃபோன்கள் இன்னும் அதன் நினைவில் இருக்கலாம். ‘நான் போடாத பாட்டு’ கேள்வியில் சொன்னபடி முழு ரீசெட் செய்யுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றும் இடத்திலேயே உங்கள் ஃபோனோடு இணைத்து, சார்ஜர் செருகாமல் சில நிமிடம் ஒலியைக் கொஞ்சம் கூட்டிப் பாடவிட்டுப் பாருங்கள். மின்கலம் தளர்ந்த ஸ்பீக்கர், ஒலியைக் கொஞ்சம் கூட்டியதும் அணைந்துவிடும். பழைய ஸ்பீக்கரை நீங்கள் விற்றாலும் கொடுத்தாலும் அதே ரீசெட்டைச் செய்துவிட்டுக் கொடுங்கள், வாங்குபவர் முதல் நாளே பாட்டுக் கேட்கலாம்.